நீறு பூத்த சொல்

கோவை அவிநாசி சாலையில் ஒரு மருத்துவமனைக் கூடத்தில் காத்திருந்தபோது, மறதிநோய் பற்றிய துண்டறிக்கை ஒன்று கைக்கு வந்தது. அல்சைமர் நோயில் 'மூளை வீக்கத்தின்' பங்கை ஆராய்ந்து வருகிறார்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது. நான் படிக்கக் கேட்ட பக்கத்து இருக்கைப் பெரியம்மா திகைத்துப்போய், "ஏனுங்க தம்பி, அப்ப மண்டை பெருத்துப் போயிருங்களா?" என்றார். பிழை அவருடையதன்று, மொழிபெயர்த்தவருடையது. அந்நோயில் மூளை பெருப்பதில்லை, ஆண்டுக்காண்டு சுருங்குகிறது.

அவ்விடத்தில் நிற்க வேண்டிய சொல் அழற்சி. முயல் முயற்சியும் பயில் பயிற்சியும் சுழல் சுழற்சியும் ஆனாற்போல, அழல் என்னும் முதனிலை சிகர ஈறு ஏற்று, லகரம் றகரமாகத் திரிந்து அழற்சி ஆயிற்று. அழல் பெயராய் நின்றால் தீ, வினையாய் நின்றால் எரிதல்; மதுரை எரியுண்ட பகுதிக்குச் சிலப்பதிகாரம் இட்ட தலைப்பே அழற்படு காதை. ஆனால் அழல் என்றால் கண்முன் நிற்கும் தீ. அழற்சி என்றாலோ தொடங்கி, வளர்ந்து, தணியவும் தணியாதிருக்கவும் கூடிய ஒரு நிகழ்வு. சொல்லிப் பாருங்கள்: ழகரத்தில் வளைந்து செல்லும் நாக்கு றகரத்தில் சுருக்கென்று முட்டி நிற்கிறது, காந்தும் புண்ணில் கை பட்டதுபோல.

இலத்தீன மொழியாரும் தீச்சுடரைக் குறிக்கும் 'ஃபிளாமா'விலிருந்தே இந்நோய்க்குறிக்குப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலம் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. அதற்கு ஈடு தேடிய நம் கலைச்சொல்லாக்கியோர் அழலைத் தேர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். முதல் நூற்றாண்டில் உரோமானிய நூலாசிரியர் செல்சசு இதற்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: செம்மை, வீக்கம், வெம்மை, நோவு. செயலிழப்பு ஐந்தாவதாகப் பின்னாளில் சேர்ந்தது. ஆக, வீக்கம் ஐந்தில் ஒன்று. ஒரு விரலைக் காட்டிக் கை என்று பெயர் சொன்னால் எப்படி?

அழலுக்கு இன்னொரு பழைய வாழ்வும் உண்டு. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றில் நடுவது அது, வடசொல்லால் பித்தம். பித்தத்திலிருந்து பித்தும் பித்தனும் பிறந்து, உடற்சூட்டின் பெயர் அறிவு பேதலிப்பதன் பெயராயிற்று. அழலும் அறிவுக் கலக்கமும் தமிழர் வாயில் நெடுநாளைய அண்டைவீட்டார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானும் ஒருமுறை விழுந்தேன். தீ மூள்கிறது, மூளை என்றொரு சொல்லும் இருக்கிறது; இரண்டுக்கும் ஒரே வேர் என்று சொல்லிவிட நாக்குத் துடிக்கும். சொல்லக்கூடாது. மூளை நம் மொழியில் எலும்பினுள் இருக்கும் கொழுப்புக்கும் பெயர். தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுவோர் 'மூளெ' என்றால் எலும்பு. அது எலும்போடு பிறந்த சொல், நெருப்போடு பிறந்ததன்று.

மூளையில் இந்த அழற்சியைக் கிளப்பும் காவல் உயிரணுக்களுக்கு வாய்த்த பெயரும் வேடிக்கையானதே. நரம்புகளை ஒட்டவைப்பதன்றி வேறு வேலையில்லை என்று எண்ணி, கிரேக்கத்தில் பசையைக் குறிக்கும் 'கிளியா'வால் அழைத்தார்கள். பாவுக்குக் கஞ்சி போடும் நம் நெசவாளருக்கு இந்த எண்ணம் உடனே விளங்கும். இந்நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமர் தாம் 1907இல் வெளியிட்ட குறிப்பிலேயே இப்பசை உயிரணுக்களில் கண்ட மாற்றத்தைப் பதிந்திருக்கிறார். அவற்றுள் நுண்ணியவற்றை 1919இல் எசுப்பானியர் ரியோ ஓர்தேகா பிரித்துக் காட்டினார். அவை பசையல்ல: படியும் அமிலாய்டு புரதக் கசடை விழுங்கும் துப்புரவாளர். ஆனால் ஓயாது கிளர்ந்திருக்கும்போது, அவை உமிழும் வேதிப்பொருள்களே நரம்பிணைப்புகளை அரிக்கின்றன. 2013இல், இந்த உயிரணுக்களில் வேலை செய்யும் டிரெம்2 என்னும் மரபணுவின் அரிய திரிபொன்று நோய் வாய்ப்பை ஏறத்தாழ மும்மடங்காக்குவது தெரிந்தபின், அழற்சி நோயின் விளைவு மட்டும்தானா, காரணமும் தானா என்ற கேள்வி கூர்மையாயிற்று.

தீ என்று தெரிந்தால் அணைக்கப் பார்ப்பது இயல்பு. மூட்டழற்சிக்கு நெடுநாள் மருந்துண்டவர்களிடம் இம்மறதி குறைவாகக் காணப்படுகிறது என்ற குறிப்பு 1990ஐ ஒட்டி வந்தது. ஆனால் நப்ராக்சென், செலிகாக்சிப் மாத்திரைகளை வைத்து நடந்த தடுப்பாய்வு பலன் தரவில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஈரோட்டு மஞ்சளை அடிபட்ட இடத்தில் பற்றுப்போட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் அதன் குர்க்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. நோயாளரிடம் நடந்த சிற்றாய்வும் பயன் காட்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் அறுபது கடந்தோரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் அறிவுத்திறன் இழப்போடு வாழ்வதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிடுகிறது. அத்தனை வீடுகளுக்கும் போய்ச் சேர வேண்டிய சொல் என்பதால்தான் இவ்வளவு கவலை. 'மூளை அழற்சி' என்றால் மூளைக்காய்ச்சல் நினைவுக்கு வருகிறது. 'நரம்பழற்சி' வேறொரு நோய்க்குப் போய்விட்டது. இந்நோயிலோ செல்சசின் வெம்மையும் இல்லை, நோவும் இல்லை. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. கொழுந்துவிடாமல் பல்லாண்டு உள்ளே கிடக்கும் நீறு பூத்த நெருப்பு அது. அதற்கு அழலைவிடக் கனல் பொருந்துமே; இலக்கணமும் தடுக்கவில்லை, கனல் கனற்சி ஆகும். 'மூளைக் கனற்சி' என்று எழுதிப் பார்க்கிறேன். உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?

பெரியம்மாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை. "வீங்காதுங்கம்மா, உள்ளுக்குள்ளயே கனன்னுக்கிட்டு இருக்குமுங்க" என்றேன். சற்று யோசித்தவர், "ஓ, சாம்பலுக்குள்ள கெடக்கற கங்காட்டமுங்களா?" என்றார்.