சிதம்பரம் மக்களவைத் தொகுதி

சிதம்பரம் மக்களவைத் தொகுதி, தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுள் 27 ஆவது தொகுதி ஆகும். இது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. 2019 ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் (3,219) முடிவு வந்தது இத்தொகுதியில்தான். அதே வேட்பாளர் 2024 இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஆயினும் இவ்விரு தேர்தல்களிலும் அவர் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ ஒன்றே.

தொகுதியின் அமைப்பு

2008 ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் இத்தொகுதியில் குன்னம், அரியலூர், செயங்கொண்டம், புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் (தனி) ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கியுள்ளன. இவற்றுள் குன்னம் அம்மறுசீரமைப்பில் புதிதாக உருவானது. தொகுதியின் பெயர் சிதம்பரம் என்றாலும் அதன் பாதி, கடலூர் மாவட்டத்துக்கு வெளியே அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் உள்ளது. கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காடும் வீராணம் ஏரிப் பாசன நிலங்களும், மேற்கே அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மானாவாரி நிலங்களும் உள்ளன. கங்கைகொண்ட சோழபுரம் செயங்கொண்டம் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது.

தனித்தொகுதியில் வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். வாக்களிப்பவர்களோ அனைத்துச் சாதியினரும் ஆவர். 1932 இன் பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு ஏற்கப்பட்ட முறையின் தொடர்ச்சி இது. வன்னியரும் தலித் மக்களும் பெருந்தொகையினராக வாழும் இத்தொகுதியில் முடிவுகளைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் அவசியம்.

தொடக்ககாலத் தேர்தல்கள்

1957 இல் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. காங்கிரசைச் சேர்ந்த ஆர். கனகசபைப் பிள்ளையும் எல். இளையபெருமாளும் வென்றனர். காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த இளையபெருமாள், தீண்டாமை குறித்து ஆராய 1965 இல் நடுவண் அரசு அமைத்த குழுவின் தலைவராகப் பின்னர் அறியப்பட்டார். 1969 இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, கோயில்களில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அரசு 1970 இல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்துக்கு அப்பரிந்துரை ஒரு காரணமாயிற்று. நடராசர் கோயில் நகரின் பெயர் கொண்ட தொகுதியின் முன்னாள் உறுப்பினர் இவ்வறிக்கையை எழுதியது குறிப்பிடத்தக்கது.

பின்னர் தி.மு.க., அ.தி.மு.க., காங்கிரசு ஆகிய மூன்றும் இங்கு வென்றுள்ளன. காங்கிரசின் பி. வள்ளல்பெருமான் 1984, 1989, 1991 என மூன்று முறை தொடர்ந்து வென்றார். 1996 இல் தி.மு.க. வின் வி. கணேசன் வென்றார்.

பா.ம.க. வின் மூன்று வெற்றிகள்

1998, 1999, 2004 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பாட்டாளி மக்கள் கட்சி இங்கு வென்றது. வன்னியர் சங்கத்திலிருந்து தோன்றிய ஒரு கட்சி, தலித் வேட்பாளர்களை நிறுத்தித் தனித்தொகுதி ஒன்றைத் தொடர்ந்து கைப்பற்றியது தமிழக அரசியலில் அதிகம் பேசப்படாத செய்தி. மூன்று முறையும் அது வெவ்வேறு கூட்டணியில் இருந்தது: 1998 இல் அ.தி.மு.க., பா.ச.க. வுடனும், 1999 இல் தி.மு.க., பா.ச.க. வுடனும், 2004 இல் தி.மு.க., காங்கிரசுடனும். கூட்டணி எதுவாயினும் தொகுதி கைமாறவில்லை.

1998 இல் வென்ற தலித் எழில்மலை, வாச்பாய் அமைச்சரவையில் நலவாழ்வுத் துறை இணையமைச்சரானார். இவர் 2001 இல் அ.தி.மு.க. சார்பில் பொதுத்தொகுதியான திருச்சிராப்பள்ளியின் இடைத்தேர்தலில் வென்றார். பொதுத்தொகுதியில் தலித் ஒருவர் வெல்வது அரிது. 1999, 2004 தேர்தல்களில் வென்றவர் இ. பொன்னுசாமி.

இந்த இரு தேர்தல்களிலும் இரண்டாம் இடம் பெற்றவர் தொல். திருமாவளவன். அதுவரை தேர்தல்களைப் புறக்கணித்து வந்த அவருடைய இயக்கம் 1999 இல்தான் முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியது. தமிழ் மாநில காங்கிரசுக் கூட்டணியில் மிதிவண்டிச் சின்னத்தில் நின்ற அவர் 2,25,768 வாக்குகள் பெற்றார். அத்தேர்தலை ஒட்டித் தொகுதியின் பல ஊர்களில் தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 2004 இல் ஐக்கிய சனதா தளத்தின் வேட்பாளராக நின்று 2,55,773 வாக்குகள் பெற்றார்.

2009, 2014 தேர்தல்கள்

2009 இல் விடுதலைச் சிறுத்தைகள் தி.மு.க. கூட்டணியிலும் பா.ம.க. அ.தி.மு.க. கூட்டணியிலும் இருந்தன. திருமாவளவன் 4,28,804 வாக்குகளும் பொன்னுசாமி 3,29,721 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 99,083.

2014 இல் மும்முனைப் போட்டி. தனித்து நின்ற அ.தி.மு.க. வின் மா. சந்திரகாசி 4,29,536 வாக்குகளுடன் வென்றார். திருமாவளவன் 3,01,041, பா.ச.க. கூட்டணியில் நின்ற பா.ம.க. வின் சுதா மணிரத்தினம் 2,79,016. சந்திரகாசி பெற்றவை, 2009 இல் திருமாவளவன் பெற்றவற்றை விட 732 மட்டுமே கூடுதல்.

இடையில் 2016 சட்டமன்றத் தேர்தலில் மக்கள் நலக் கூட்டணி சார்பில் காட்டுமன்னார்கோயிலில் நின்ற திருமாவளவன், அ.தி.மு.க. வின் முருகுமாறனிடம் 87 வாக்குகளில் தோற்றார்.

2019 தேர்தல்

இம்முறை அ.தி.மு.க., பா.ம.க., பா.ச.க., தே.மு.தி.க. ஆகியன ஒரே அணியில் நின்றன. விடுதலைச் சிறுத்தைகளுக்குத் தி.மு.க. கூட்டணியில் இரு தொகுதிகள் கிடைத்தன. விழுப்புரத்தில் து. ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் நிற்க, சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். எல்லாரும் அறிந்த சின்னத்தை விட்டுப் புதிய சின்னத்தைக் குறுகிய காலத்தில் ஊர்தோறும் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது.

வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று, குன்னம் சட்டமன்றத் தொகுதிக்கு உட்பட்ட பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டு வீடுகள் சேதமாயின. பானை ஒன்று உடைக்கப்பட்டதில் தகராறு தொடங்கியதாகச் செய்திகள் வெளியாயின. அங்கு மறுவாக்குப்பதிவு கோரப்பட்டது, ஆனால் நடத்தப்படவில்லை.

மே 23 அன்று வாக்கு எண்ணிக்கையில் முன்னிலை மாறி மாறி வந்தது. மாநிலத்தின் பிற முடிவுகள் தெளிவான பின்னரும் சிதம்பரத்தின் முடிவு இரவு வெகுநேரம் வரை தெரியவில்லை.

தொல். திருமாவளவன் (வி.சி.க.) - 5,00,229
பொ. சந்திரசேகர் (அ.தி.மு.க.) - 4,97,010
வாக்கு வேறுபாடு - 3,219

பதிவான வாக்குகளில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 0.28 விழுக்காடு. அ.ம.மு.க. வேட்பாளர் 60 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றார். அவற்றுள் சிறு பகுதி அ.தி.மு.க. வுக்குச் சென்றிருந்தாலும் முடிவு மாறியிருக்கும். மேலுள்ள யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை (நோட்டா) என்று பதிவானவையே வேறுபாட்டைவிட மிகுதி.

2024 தேர்தல்

2024 இல் அ.தி.மு.க. வும் பா.ச.க. வும் பிரிந்து நின்றன; பா.ம.க. பா.ச.க. வுடன் சேர்ந்தது. பா.ச.க. வேட்பாளர் வேலூர் மாநகராட்சியின் முன்னாள் மேயர் ப. கார்த்தியாயினி. அவர் அறிவிக்கப்பட்டதும், 2004 இல் இங்கு பா.ச.க. வேட்பாளராக நின்ற தடா பெரியசாமி அக்கட்சியை விட்டு அ.தி.மு.க. வில் சேர்ந்தார். பானைச் சின்னத்தைத் தேர்தல் ஆணையம் முதலில் மறுத்தது. பின்னர் அச்சின்னமே விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது.

தொல். திருமாவளவன் (வி.சி.க.) - 5,05,084
மா. சந்திரகாசன் (அ.தி.மு.க.) - 4,01,530
ப. கார்த்தியாயினி (பா.ச.க.) - 1,68,493
இரா. ஜான்சிராணி (நாம் தமிழர் கட்சி) - 65,589
வாக்கு வேறுபாடு - 1,03,554

ஐந்தாண்டுகளில் திருமாவளவனின் வாக்குகள் 4,855 மட்டுமே கூடின; வேறுபாடோ 32 மடங்கானது. அ.தி.மு.க., பா.ச.க. வாக்குகளைக் கூட்டினால் 5,70,023 வருகிறது. இது வென்றவரின் வாக்குகளைவிட 64,939 அதிகம். இக்கூட்டலை அப்படியே கொள்வதும் சரியன்று. இரு கட்சிகள் சேரும்போது இருவரின் வாக்குகளும் முழுமையாகச் சேர்வதில்லை; பா.ச.க. இருப்பதாலேயே விலகும் வாக்காளரும் உண்டு. எனினும் 2014 இன் தோல்வியையும் 2019 இன் நூலிழை வெற்றியையும் 2024 இன் பெருவெற்றியையும் ஒப்பிடுவோர், எதிரணி எத்தனையாகப் பிரிந்தது என்பதையும், திருமாவளவனுடன் தி.மு.க. மட்டுமன்றி வேறு யார் நின்றனர் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். 2014 இலும் அவர் தி.மு.க. கூட்டணியில்தான் இருந்தார், ஆனால் காங்கிரசும் இடதுசாரிகளும் அப்போது அக்கூட்டணியில் இல்லை.

சிதம்பரம், விழுப்புரம் ஆகிய இரண்டிலும் 2024 இல் பானைச் சின்னத்தில் வென்றதை அடுத்து, 2025 சனவரியில் தேர்தல் ஆணையம் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியை மாநிலக் கட்சியாக ஏற்றுப் பானையை அதன் சின்னமாக ஒதுக்கியது.