ஜான்சன் யாருக்குச் சொந்தம்?

1784 டிசம்பர் 13 அன்று லண்டனில் டாக்டர் சாமுவேல் ஜான்சன் காலமானார். ஆங்கில அகராதி தந்த அந்த மேதையின் வாழ்க்கையை எழுதும் போட்டி, துக்கம் ஆறுவதற்குள் மூண்டுவிட்டது.

முந்திக்கொண்டவர்களில் ஒருவர் ஹெஸ்டர் பியோஸி. பீர் ஆலை அதிபர் ஹென்றி திரேலின் மனைவியாக இருந்தபோது, ஸ்ட்ரெத்தம் வீட்டில் ஜான்சனுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, பல ஆண்டுகள் உபசரித்தவர். கணவர் இறந்தபின் இத்தாலியப் பாட்டு வாத்தியார் கேப்ரியல் பியோஸியை மணந்தார். ஊரே தூற்றியது, ஜான்சனும் கடுமையான கடிதம் எழுதினார். 1786-இல் ஹெஸ்டரின் நினைவுக்குறிப்புகள் வெளியாகி, முதல் பதிப்பு ஒரே நாளில் தீர்ந்தது.

மறு ஆண்டு சர் ஜான் ஹாக்கின்ஸின் நூல் வந்தது. ஜான்சனின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் இவர். ஜேம்ஸ் பாஸ்வெல்லைப் போகிறபோக்கில் குறிப்பிட்டதோடு விட்டுவிட்டார். ஜான்சனின் பேச்சை இருபது ஆண்டுகளாகக் குறித்துவந்த பாஸ்வெல்லுக்கு அது ஆறாத புண்.

1791 மே 16 அன்று பாஸ்வெல்லின் பெருநூல் வெளிவந்தது. ஹாக்கின்ஸுக்கு ஆரம்பப் பக்கங்களிலேயே பதிலடி. ஹெஸ்டரை விடவில்லை, அவர் சொன்ன கதைகள் சிலவற்றை எடுத்துச் சோதித்தார்.

வானம்பாடிக் கறி விருந்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் உறவினர் இறந்ததற்காகத் தான் வருந்தியபோது, உன் சுற்றத்தார் அத்தனைபேரையும் வானம்பாடிகளைப்போல் வாட்டி நாய்க்குப் போட்டால்தான் உலகத்துக்கு என்ன நஷ்டம் என்று ஜான்சன் கடிந்ததாக ஹெஸ்டர் எழுதியிருந்தார். பாஸ்வெல்லின் நூலில் காட்சியே வேறு: ஹெஸ்டர் பறவைக்கறியை ருசித்தபடி சாவுச் செய்தியை அலட்சியமாகச் சொன்னார், அதைப் பொறுக்காமல்தான் ஜான்சன் சீறினார்.

பாஸ்வெல் அந்த விருந்தில் இல்லை. அவருக்குச் சாட்சி, அங்கிருந்த இத்தாலிய எழுத்தாளர் ஜோசப் பரெட்டி. அதே பரெட்டி 1788-இல் ஹெஸ்டர்மீது பத்திரிகையில் வசைமாரி பொழிந்தவர். பகையாளியின் வாய்மொழியை நம்பி ஒரு பெண்ணைக் கல்நெஞ்சக்காரி ஆக்கியது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். பாஸ்வெல்லின் நூல் மகத்தானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது பெரும்பாலும் சபையில் பேசிய ஜான்சனைக் காட்டுகிறது. நோயிலும் மனச்சோர்விலும் துவண்ட மனிதரை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தவர் ஹெஸ்டர்.

பாஸ்வெல் 1795-இல் இறந்தார். 1821 வரை வாழ்ந்த ஹெஸ்டர், பாஸ்வெல் நூலின் ஓரங்களிலேயே தன் மறுப்புகளை எழுதிவைத்தார். ‘திரேலியானா’ என்ற அவரது குறிப்பேடு முழுமையாக அச்சேற 1942 ஆகிவிட்டது.

(தொடரும்)