ஓவியர் கண்ணால் பார்க்கப்பட்ட மேடை

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாரிஸின் கோமெதி பிரான்சேஸ் அரங்கில் நாடகம் முதலில் காதுக்கான கலையாகவே இருந்தது. நடிகர்கள் மேடையின் முன்விளிம்பில் அரைவட்டமாக நின்று, அவையோரைப் பார்த்தே வசனம் பேசினர். மேடையின் இருபுறமும் பெஞ்சு போட்டுப் பிரபுக்கள் உட்கார்ந்திருந்ததால் நடமாடவும் இடமில்லை.

இதற்கு மாற்றை ஓவியத்தில் கண்டவர் தத்துவவாதி தெனி திதெரோ. நடிகரின் உடல் எவ்வளவு பேசுகிறது என்று அறிய, மனப்பாடமாகத் தெரிந்த நாடகங்களைக் காதைப் பொத்திக்கொண்டு பார்த்ததாக 1751இல் அவர் எழுதினார். ஓவியர் ஒரு கதையில் ஒரே ஒரு கணத்தைத்தான் தீட்ட முடியும். அதனால் படத்தின் உருவங்கள் அனைத்தும் அந்தக் கணத்திலேயே ஆழ்ந்திருக்க வேண்டும்; பார்ப்பவருக்காக நிற்கக் கூடாது. இந்த விதியை 1757, 1758ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நாடக நூல்களில் அவர் மேடைக்கும் விதித்தார். மேடை விளிம்பில் ஒரு பெரிய சுவர் எழுந்து அவையை மறைப்பதாக எண்ணி நடிக்கச் சொன்னார்.

அவருடைய ‘குடும்பத் தலைவர்’ நாடகத்தின் தொடக்கமே ஓர் ஓவியம். விடியப் போகிறது, மகன் வீடு திரும்பவில்லை. தந்தை கைகளைக் கட்டி, தலைகுனிந்து முன்புறம் உலாவுகிறார். கணப்பருகே மகளும் அவளுடைய மாமாவும் பகடை ஆடுகிறார்கள். நாற்காலியில் சாய்ந்த இளைஞன், அவள் ஆட்டத்தில் கவனமாக இருக்கும்போதெல்லாம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்க்கிறான். எவரும் வாய் திறக்கும் முன்பே அந்த வீட்டின் கவலையும் காதலும் தெரிந்துவிடுகின்றன. பிரெஞ்சு நாடகத்துக்குத் திதெரோ தந்த பெரிய கொடை இந்த மௌனம்தான்.

1759இல் லோரகே பிரபு செலவை ஏற்க, மேடைப் பெஞ்சுகள் அகற்றப்பட்டன. மேடை முழுவதையும் ஒரே படமாக அமைக்க அப்போதுதான் வழி பிறந்தது. 1761இல் சலோன் கண்காட்சியில் கூட்டத்தை ஈர்த்த க்ரூஸின் ‘கிராமத்து மணப்பெண்’ ஓவியத்தை, அதே ஆண்டில் கோமெதி இத்தாலியேன் நடிகர்கள் ஒரு நாடகத்தின் நடுவே அப்படியே நின்று காட்டினர்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஓவியத்துக்கும் மேடைக்குமான இந்த உறவு அரசியலானது. குடியரசைக் கவிழ்க்கச் சதிசெய்த சொந்த மகன்களுக்கு மரண தண்டனை விதித்த ரோமானியர் புரூட்டஸ். அந்த மகன்களின் உடல்கள் வீட்டுக்கு வரும் காட்சியை ஓவியர் தாவீத் 1789இல் தீட்டினார். வோல்தேரின் ‘புரூட்டஸ்’ நாடகத்தில் அப்படியொரு காட்சி கிடையாது. ஆனாலும் 1790 நவம்பரில் அந்த நாடகம் மீண்டும் மேடையேறியபோது, இறுதியில் உடல்கள் சுமந்து வரப்பட, புரூட்டஸாக நடித்தவர் தாவீதின் படத்தில் உள்ளபடியே அமர்ந்தார். தாவீதின் நண்பரான நடிகர் டால்மா பட்டாடையையும் பொய்முடியையும் விட்டு, ஆடை மறைக்காத கைகளோடு ரோமானிய அங்கியில் தோன்றியதும் இதே நாடகத்தில்தான்.