அடித்தல் திருத்தல்

பத்திரம் எழுதுகிறவர்கள் கடைசியில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். இருந்தால், இத்தனையாவது வரியில் இன்ன சொல் அடிக்கப்பட்டது என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் வேலை பார்க்கும் வங்கியிலும் இதே விதிதான். வவுச்சரில் ஒரு தொகையை அடித்து எழுதினால் அடித்தவன் பக்கத்தில் தன் கையெழுத்தை வைக்க வேண்டும். அடிபட்டதும் படிக்கிறாற்போல் இருக்க வேண்டும். மை பூசி மறைக்கக்கூடாது. 2007 மே மாதக் கடைசியில் லைவ்ஜர்னல் என்ற இணையதளத்தில் சுமார் 500 கணக்குகள் முடக்கப்பட்டு அந்தப் பெயர்களின் குறுக்கே கோடு விழுந்தபோது, பக்கத்தில் யாருடைய கையெழுத்தும் இல்லை. பெயர் மட்டும் கோட்டோடு நின்றது. அதைத் தொட்டுத் திறந்தால் உள்ளே எழுத்து இல்லை.

அப்போது நான் பள்ளி மாணவன். இந்த விவகாரம் வெகு பின்னால்தான் தெரியவந்தது. அன்றைய பக்கங்கள் பல இன்னும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றை வாசித்தபின் இதை ஒரு தொழில்நுட்பச் சம்பவம் என்றோ கருத்துச் சுதந்திரப் பிரச்னை என்றோ மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இது வாசிப்பு பற்றிய சரித்திரம் என்பது என் அபிப்பிராயம். ஒரு சொல்லைப் பார்த்தவுடன் அதை எழுதினவனைப் பற்றி என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதுதான் இதில் விஷயம்.

லைவ்ஜர்னலை 1999ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மாணவர் ஆரம்பித்தார். நாட்குறிப்பு எழுதலாம், அதை யார் யார் படிக்கலாம் என்று எழுதுகிறவரே தீர்மானிக்கலாம், ஒரு பொருளில் அக்கறை உள்ளவர்கள் குழுவாகச் சேர்ந்து பொதுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். பதில், பதிலுக்குப் பதில் என்று விவாதம் கிளை பிரிந்து போக வசதி இருந்தது. விளம்பரம் போடமாட்டோம் என்று எழுத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2005 ஜனவரியில் சிக்ஸ் அபார்ட் என்ற கம்பெனி தளத்தை வாங்கியது. 2006ல் விளம்பரம் வந்தது. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் மட்டுமே இருந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பிற்பாடு நடந்தவற்றில் இவருக்குப் பங்கு உண்டு.

அங்கே திரளாக இருந்தவர்களில் ஒரு சாரார் ரசிகப் புனைவு எழுதுகிறவர்கள். பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்துத் தம் கதையை எழுதுகிறவர்கள். இலக்கியக்காரர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். நானும் அப்படிப் பார்த்தவன்தான். பெரும்பாலானவை மோசமாகத்தான் இருக்கின்றன. ஆனால் எந்தப் பிரசுரத்தின் ஒரு வருஷத்துக் கதைகளை எடுத்துக்கொண்டாலும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். இந்த எழுத்தின் பூர்வோத்தரம் நமக்கு அந்நியமானதும் அல்ல. 1967ல் ஸ்டார் டிரெக் தொடரின் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்று ஒரு இதழ் கொண்டுவந்தார்கள். ஸ்டென்சில் வெட்டி, பிரதி எடுத்து, தபாலில் அனுப்பிய இதழ். அதைத் தொடர்ந்து வந்த இதழ்களை நடத்தினவர்களும் எழுதினவர்களும் பெரும்பாலும் பெண்கள். காசு வாங்காமல் எழுதி, கைக்காசு போட்டு நடத்தி, சில நூறு பேர் படித்தால் போதும் என்று இருந்தவர்கள். லைவ்ஜர்னல் குழுக்கள் அந்த இதழ்களின் வாரிசுகள்.

லைவ்ஜர்னலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் 'அக்கறைகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. பூனைகள், பழைய சினிமா, இன்ன நாவல், இன்ன பாத்திரம் என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதே சொல்லைப் பட்டியலில் போட்டிருக்கும் மற்றவர்களை அதன் மூலம் கண்டுபிடிக்கலாம். கதை எழுதுகிறவர்கள் தங்கள் கதைகளில் வரும் விஷயங்களையும் அதில் போட்டார்கள். முறைகெட்ட உறவு, பலாத்காரம் போன்ற சொற்களும் அவற்றில் இருந்தன. இது ஒரு பெயர்ப்பலகை. அந்தக் கதைகளைத் தேடுகிறவன் வரலாம், வேண்டாதவன் விலகிப் போகலாம்.

'வாரியர்ஸ் ஃபார் இன்னசன்ஸ்' என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு குழு இந்தப் பட்டியல்களைத் துழாவி, தளத்தில் குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் மலிந்திருக்கிறார்கள் என்று புகார் செய்தது. விளம்பரம் தருகிறவர்களிடமும் போவோம் என்றது. குழந்தைகளைப் பற்றிய கவலையை நான் குறைத்துப் பேச வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் இணையத்தில் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் கம்பெனி செய்த காரியம் வேறு. ஒரு குற்றத்தின் பெயர் அக்கறைப் பட்டியலில் இருந்தால் அந்த நபர் அதை ஆதரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டது. பெயர்ப்பலகை ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது. அடிபட்டவற்றில் ரசிகப் புனைவுக் குழுக்களோடு, பலாத்காரத்துக்கு உள்ளானவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்த குழுக்களும் இருந்தன. நபக்கோவின் 'லோலிதா' நாவலை ஸ்பானிஷ் மொழியில் விவாதித்த குழு ஒன்றும் இருந்தது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். 'லோலிதா'வை அமெரிக்கப் பதிப்பாளர்கள் போடத் தயங்கி, 1955ல் அது பாரிஸில் வெளிவந்தது. 1958ல்தான் அமெரிக்காவில் அச்சாயிற்று. அந்நாவலை வாசிக்கிறவன் படும் அவஸ்தையே, சொல்கிறவனின் பாஷையில் சொக்கிக்கொண்டே அவன் செய்வதைக் கண்டு அருவருக்க வேண்டியிருப்பதுதான். அப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் கூடிப் பேசிய ஒரு குழு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு, நாவலை அல்ல, நாவலின் பெயரைக்கூட வாசிக்கத் தெரியாத ஒரு கையால் அடிக்கப்படுகிறது. பதிப்பாளன் தயங்கியபோதாவது கைப்பிரதியைப் படித்துவிட்டுத் தயங்கினான்.

கூச்சல் உடனே எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடி, நாங்கள் இத்தனை பேர், உங்களுக்குப் பணம் கட்டுகிறவர்கள் என்று தலைக்கணக்குக் காட்டினார்கள். வாழ்நாள் முழுவதற்கும் ஒரே தவணையாகப் பணம் கட்டியவர்கள்கூட அவர்களில் உண்டு. இரண்டு மூன்று நாளில் சிக்ஸ் அபார்ட்டின் தலைவர் பராக் பெர்கோவிட்ஸ் சொதப்பிவிட்டோம் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பல கணக்குகள் திரும்பி வந்தன. அதே வருஷம் ஆகஸ்டில் ஹாரி பாட்டர் பாத்திரங்களை வரைந்த இருவரின் கணக்குகள் போயின. இதற்கிடையில் முடக்கப்பட்ட பெயர்களைக் குறுக்குக் கோட்டுக்குப் பதிலாகத் தடித்த எழுத்தில் காட்டும்படி தளத்தை மாற்றியிருந்தார்கள். முதல் சம்பவத்தைக் குறுக்குக்கோடு என்று பேர் வைத்து அழைத்த ஜனங்கள் இரண்டாவதைத் தடித்த எழுத்து என்று அழைத்தார்கள். டிசம்பரில் தளம் சுப் என்ற ரஷ்யக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 2017 ஏப்ரலில் ரஷ்யச் சட்டத்துக்கு உட்பட்ட புதிய ஒப்பந்தம் வந்தபோது அதன் ஆங்கில வாசகத்துக்குச் சட்டப்படி மதிப்பில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. வேறு பாஷையில் உள்ள பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற மாதிரி.

தலைக்கணக்குக் காட்டியதோடு நின்றிருந்தால் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கோடு விழுவதற்கு இரண்டு வாரம் முன்பே, மே 17ந்தேதி, இன்னொரு பேச்சு கிளம்பியிருந்தது. ஃபேன்லிப் என்ற கம்பெனி ரசிகப் புனைவை வைத்துக் காசு பண்ண வந்திருந்த சமயம். நமக்கென்று ஒரு காப்பகம் வேண்டும், அதை நாமே கட்ட வேண்டும் என்று ஒரு பெண் தன் பக்கத்தில் எழுதினார். 1929ல் வர்ஜீனியா உல்ஃப் பெண்ணுக்கென்று ஒரு அறை வேண்டும் என்று எழுதிய புத்தகத்தின் தலைப்பை வளைத்துத் தன் குறிப்புக்குத் தலைப்பாக்கியிருந்தார். கோடு விழுந்ததும் அந்தப் பேச்சுக்கு வேகம் வந்தது. அந்த வருஷமே லாபநோக்கற்ற ஸ்தாபனம் ஒன்று அமைந்தது. 2009 நவம்பர் 14 அன்று காப்பகம் திறந்தது. 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்று பெயர். விளம்பரம் இல்லை. சர்வர்கள் சொந்தம். வக்கீல்கள் உள்ளேயே இருந்தார்கள். நிரல் எழுதினவர்களில் இதற்காகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்ட பெண்கள் உண்டு. லைவ்ஜர்னலில் வேலை பார்த்திருந்த இருவர் அதன் திறந்த நிரலையே எடுத்து, டிரீம்விட்த் என்ற விளம்பரமில்லாத நாட்குறிப்புத் தளத்தையும் அதே 2009ல் ஆரம்பித்தார்கள்.

சொந்த வீடு கட்டியது பெரிய காரியந்தான். ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வீட்டில் சொற்களை என்ன செய்தார்கள் என்பது. எந்தச் சொல்லுக்காக அடித்தார்களோ அதே சொற்களைக் கதையின் வாசலிலேயே வைத்தார்கள். கொடூரமான வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் சாவு, பலாத்காரம், வயதுவராதவர் என்று சில எச்சரிக்கைகள். இவற்றில் பொருந்துவதை எழுதுகிறவர் குறிக்க வேண்டும், அல்லது நான் எச்சரிக்கை தரப்போவதில்லை என்றாவது சொல்ல வேண்டும். அதுவும் ஒரு எச்சரிக்கைதான். மற்றபடி என்ன குறிச்சொல் வேண்டுமானாலும் தம் பாஷையில் எழுதிக்கொள்ளலாம். ஒரே விஷயத்தை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். இவற்றைத் தன்னார்வலர்கள் சிலர் உட்கார்ந்து பார்த்து, இதுவும் அதுவும் ஒன்று என்று பின்னால் முடிச்சுப் போடுகிறார்கள். எழுதினவர் போட்ட சொல் முன்னால் அப்படியே நிற்கும், அதைத் திருத்துவதில்லை. ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு மனுஷி படித்துப் பார்த்துத் தீர்மானிப்பது மந்தமான வேலை, சம்பளமில்லாத வேலை. விமர்சனம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான உறவுக்காரர் இணையத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டம்ளர் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். (தமிழில் எழுதினால் தண்ணீர் குடிக்கிற பாத்திரமாகிவிடுகிறது, என்ன செய்வது.) லைவ்ஜர்னலை விட்டவர்களில் பலர் அங்கேதான் போனார்கள். யாஹூ 2013ல் அதை 110 கோடி டாலருக்கு வாங்கிற்று. பிறகு அது வெரைசன் கைக்குப் போயிற்று. 2018 நவம்பரில் குழந்தைகளின் ஆபாசப் படங்கள் அகப்பட்டதால் ஆப்பிள் தன் கடையிலிருந்து டம்ளரை எடுத்தது. டிசம்பர் 3ந்தேதி, 17ந்தேதி முதல் பாலியல் படங்களே கூடாது என்று அறிவித்தார்கள். 'பெண்ணுடையதாகத் தோற்றம் தரும் முலைக்காம்பு' என்று ஒரு சொற்றொடர் அந்த விதியில் இருந்தது. எந்தக் கவிஞனும் ஒரு மாதம் யோசித்தாலும் இப்படி எழுதமாட்டான். சிலை, ஓவியம், தாய்ப்பால் கொடுப்பது எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு என்று விதி சொன்னது. ஆனால் பார்த்தது இயந்திரம். ஆடை உடுத்தினவர்கள் படமும் சாதுவான சித்திரங்களும் அதில் மாட்டிக்கொண்டன. 2007ல் வாசிக்கத் தெரியாத ஒரு கையாவது இருந்தது. 2018ல் கையும் இல்லை.

17ந்தேதி ஒரு நாள் தளத்துக்குள் வராமல் பலர் எதிர்ப்புக் காட்டினார்கள். பக்கங்கள் அழியுமுன் அவற்றைச் சேமித்துவைக்க ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாக முயன்றது. அவர்கள் கம்பெனியைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. பாலினச் சிறுபான்மையினருக்கு அந்தத் தளம் அந்தரங்கமான புகலிடமாக இருந்தது. அவர்கள் ட்விட்டருக்கும் பிற இடங்களுக்கும் சிதறினார்கள். சில மாதங்களில் வருகை கால்பங்குக்கு மேல் குறைந்தது. 2019ல் ஆட்டோமாட்டிக் என்ற கம்பெனி டம்ளரை வாங்கியபோது விலை 2 கோடி டாலருக்கும் கீழே என்று செய்திகள் கூறின. 2022 நவம்பரில் நிர்வாணத்துக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்கள். போனவர்கள் அதைக் கேட்டுத் திரும்பிவந்ததாகத் தெரியவில்லை. 2018ல் போனவர்களுக்குப் படங்கள் போயின. கதை எழுதினவர்களுக்கோ போக ஒரு வீடு இருந்தது, ஒன்பது வருஷம் முன்பே கட்டப்பட்டது.

சொந்த வீட்டிலும் சச்சரவு உண்டு. எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்ததால் இனவெறியைக் கக்கும் கதைகளுக்கும் இடம் கிடைத்தது. கறுப்பின வாசகர்களும் பிறரும் இதை வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். 2020ல் ஸ்தாபனம் சில வாக்குறுதிகள் தந்தது. 2023ல் அவை என்னவாயின என்று கேட்டு ஒரு இயக்கமே நடந்தது. அடிக்காமல் இருப்பதே கொள்கை என்று ஆனபிறகு அடிபடுகிறவர்கள் எங்கே போய் முறையிடுவது என்ற கேள்விக்கு அவர்களிடம் திருப்தியான பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வெளியிலிருந்தும் அடி விழுந்தது. சீனாவில் ஷியாவ் சான் என்ற நடிகரின் ரசிகர்கள், அவரைப் பெண்ணாகச் சித்திரித்த ஒரு கதை பிடிக்காமல் அரசிடம் புகார் கொடுக்க, 2020 பிப்ரவரி 29 அன்று அங்கே காப்பகம் முழுவதும் முடங்கியது. கோபமடைந்த வாசகர்கள் அந்த நடிகர் விளம்பரம் செய்த சாமான்களை வாங்க மறுத்தார்கள். ரசிகர்களால் கட்டப்பட்டது ரசிகர்கள் கையால் மூடப்பட்டது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2019 ஆகஸ்டில் டப்ளினில் காப்பகத்துக்கு ஹியூகோ விருது கொடுத்தார்கள். விஞ்ஞானக் கதைக்காரர்கள் அந்தப் பரிசுக்கு எத்தனை மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்ததே. நாவலாசிரியை நவோமி நோவிக் வாங்கிக்கொண்டார். இதில் பங்குள்ளவர்கள் எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று மண்டபத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டார்.

காப்பகத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தான் எழுதிய கதையோடு இனித் தனக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று ஒருவருக்குத் தோன்றலாம். உத்தியோகம் காரணமாக இருக்கலாம், கல்யாணம் காரணமாக இருக்கலாம், வெறும் வெட்கமாகவும் இருக்கலாம். கதையை அழித்துவிட உரிமை உண்டு. அழிக்க மனமில்லாவிட்டால் அதை அநாதையாக்கலாம். அதற்கு அங்கே அதுதான் பேர். எழுதினவரின் பெயர் எடுக்கப்பட்டு அந்த இடத்தில் 'அநாதைக் கணக்கு' என்று வரும். கதையும் அதற்குப் படித்தவர்கள் எழுதிய பதில்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருமுறை செய்தால் திரும்பப் பெற முடியாது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். அப்படி விடப்பட்ட கதைகளில் சிலவற்றைப் போன மாதம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று நன்றாக இருந்தது. யார் எழுதியது என்று தெரியவில்லை.