ஆண்டை வீட்டுக் கதவும் அடிமையின் காதும்

யாத்திராகமம் என்றால் நம்மில் பலருக்கும் செங்கடல் பிளந்ததுதான் ஞாபகத்துக்கு வரும். கடலைத் தாண்டி வந்த சனங்களுக்குச் சீனாய் மலையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் சட்டத்தில், பத்துக் கட்டளைகளுக்குக் கொஞ்சம் தள்ளி, 21ஆம் அதிகாரம் எடுத்த எடுப்பிலேயே அடிமைகளைப் பற்றிப் பேசுது. எகிப்தில் செங்கல் அறுத்தவர்கள் தங்களுக்குள் அடிமை வைத்துக்கொள்வது எப்படி என்கிற சட்டம் அது.

விலைக்கு வாங்கப்பட்ட எபிரெயன் ஆறு வருசம் உழைக்கணும். ஏழாம் வருசம் காசு கொடுக்காமல் போகலாம். ஆனால் ஆண்டை கட்டிவைத்த பெண்டாட்டியும் அவள் பெற்ற பிள்ளைகளும் ஆண்டைக்கே சொந்தம். ஒண்டியாகத்தான் போகணும். மனசு கேட்காமல், ஆண்டைமேலும் பெண்டாட்டி பிள்ளைமேலும் பிரியம், போகமாட்டேன் என்று அவன் சொன்னால், கதவோரம் நிறுத்திக் குத்தூசியால் காதைக் குத்துவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அடிமை. பிள்ளைகளைப் பிணையாக வைத்து வாங்கின வார்த்தையைச் சட்டம் பிரியம் என்றே எழுதிக்கொண்டது.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. ஆண்டை கோலால் அடித்து அடிமை அங்கேயே செத்தால் தண்டனை உண்டு. ஒருநாள், ரெண்டுநாள் உயிரோடு கிடந்தால் தண்டனை கிடையாது. ஏனென்றால் அவன் ஆண்டையின் காசு. ஆனால் அடுத்த சில வரிகளில், அடித்த அடியில் கண் போனாலும் பல் போனாலும் அவனை விட்டுவிடணும். காசுக்கு ஏது பல்? மனுசனைச் சொத்தாக எழுதப்போன சட்டம் அங்கேயே திண்டாடுது.

பிந்திய உபாகமம் இன்னும் இறங்கி வருது. ஏழாம் வருசம் பெண்ணுக்கும் விடுதலை. வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, ஆடும் களத்துத் தானியமும் திராட்சை ரசமும் கொடுக்கணும். ஓய்வுநாளில் அடிமையும் ஆண்டையைப் போலவே இளைப்பாறணும். காரணம் ஒன்றுதான்: நீயும் எகிப்தில் அடிமையாகக் கிடந்தவன். ஓடிவந்த அடிமையைப் பிடித்துக் கொடுக்காதே, அவன் விரும்பின ஊரில் இருக்கட்டும் என்கிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டுப் பாபிலோனில் ஹம்முராபி சட்டம் கடனுக்கு விற்கப்பட்டவர்களை மூணு வருசத்தில் விடச் சொன்னது உண்மை. ஆனால் ஓடிவந்த அடிமையை ஒளித்து வைத்தவனுக்கு அதில் மரண தண்டனை. நீ என் ஆண்டை இல்லை என்று சொன்ன அடிமைக்குக் காதறுப்பு.

இந்த இரக்கத்துக்கும் ஒரு வேலி உண்டு. அயல் சாதியாரை வாங்கி, பிள்ளைகளுக்குச் சொத்தாகவே எழுதி வைக்கலாம் என்கிறது லேவியராகமம் 25. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அடிமை முதலாளிகள் காட்டின அதிகாரங்களில் இதுவும் ஒன்று.

வேலிக்கு உள்ளே இருந்தவர்களுக்காவது சட்டம் நடந்ததா? எரேமியா 34ஐப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்தபோது சிதேக்கியா ராசாவும் பெரிய மனுசர்களும் உடன்படிக்கை செய்து எபிரெய அடிமைகளை விடுதலை பண்ணினார்கள். எகிப்துப் படை வருதென்று பாபிலோன்காரர் பின்வாங்கினதும், விட்டவர்களையெல்லாம் திரும்பப் பிடித்து அடிமையாக்கினார்கள். இதற்காகவே நகரம் அழியும் என்றார் எரேமியா. கி.மு. 587 வாக்கில் அழிந்தது.

அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்று சட்டம் சொன்னது ஆண்டைகளிடம். பயம் இருந்தவரை நினைத்தார்கள், பயம் போனதும் மறந்தார்கள். அந்த அதிகாரத்தில் ராசா பேர் இருக்கு, தீர்க்கதரிசி பேர் இருக்கு. ரெண்டாம் தடவை பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் ஒருத்தர் பேரும் இல்லை.