இறவாமையும் குடியிருப்பு உரிமையும்: வட சிலாங்கூர்த் தோட்ட வரலாற்றின்வழி மனப்பதிவேற்றத்தை மதிப்பிடல்

முன்னுரை

மூளையின் நரம்பமைப்பு முழுவதையும் படியெடுத்துக் கணினியில் இயக்கி, அதற்கோர் எந்திர உடலும் கொடுத்துவிட்டால் மனிதனுக்குச் சாவில்லை என்ற மனப்பதிவேற்ற நம்பிக்கை இன்று பணமும் நிறுவனங்களும் சேர்ந்த முயற்சியாகிவிட்டது. ரஷ்யத் தொழிலதிபர் திமித்ரி இத்ஸ்கோவ் 2011இல் தொடங்கிய இயக்கம், மனிதனை அழியா உருவுக்கு மாற்ற 2045ஆம் ஆண்டையே கெடுவாக வைத்தது. இவ்விவாதத்தில் ‘இது முடியுமா?’ என்ற கேள்வியே முன்னிற்கிறது. கோல சிலாங்கூரிலும் அதைச் சூழ்ந்த வட சிலாங்கூரிலும் தலைமுறை தலைமுறையாகப் பால்மரக் காட்டில் உழைத்த தமிழர் பக்கம் நின்று பார்த்தால், அதனினும் அவசரமான கேள்வி ஒன்று எழுகிறது: அப்படி நீடிக்கும் மனம் யாருடைய இடத்தில் குடியிருக்கும்? இருப்பிடத்தின்மேல் உரிமையில்லாத இறவாமை விடுதலையாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அறிவியல் எட்டியுள்ள இடம்

ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்னும் புழுவின் 302 நரம்பணுக்களும் ஒன்றோடொன்று இணையும் முறை 1986இல் வெளியிடப்பட்டது. 2024இல் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வந்தது. அதில் ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள். அதே ஆண்டில் ஹார்வர்டு, கூகுள் ஆய்வாளர்கள் மனித மூளைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டரை மட்டும் படமாக்கினர். அதற்கே 1,400 டெராபைட் தரவு தேவைப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து ‘தரணி’ என்ற பெயரில் 2024இல் உலகுக்குத் திறந்து வைத்தது. நோயறிய உதவும் அரும்பணி அது. ஆனால் முதிர்ந்த மனித மூளையில் இருப்பவை சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள்.

எண்ணிக்கை மட்டுமே தடை அன்று. இணைப்பு வரைபடம் எந்த அணு எதோடு சேர்கிறது என்று காட்டும். அந்தச் சேர்க்கையின் வலுவையும், இணைப்புக்கு வெளியே பரவும் வேதிக் குறிப்புகளையும் முழுமையாகக் காட்டாது. புழுவின் வரைபடம் கைக்கு வந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் ஆகியும், உயிருள்ள புழு செய்வதையெல்லாம் செய்யும் கணினிப் புழு உருவாகவில்லை.

கூடு மாறியவரும் படியெடுக்கப்பட்டவரும்

உடல் விட்டு உடல் புகுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பெரிய புராணம் கூறும் திருமூலர் வரலாற்றில், சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயர் தீர்க்கவே சிவயோகியார் அவ்வுடலில் புகுகிறார். அங்கே உயிர் ஒன்று. அது ஓர் உடலை விட்டபின் மற்றோர் உடலை எடுக்கிறது. மனப்பதிவேற்றத்தில் உயிர் இடம் மாறுவதில்லை, படி எடுக்கப்படுகிறது. படி எடுக்கப்பட்டவர் பிழைத்திருந்தால், ‘நான்’ என்று சொல்ல இருவர் இருப்பர். இன்றைய முறைப்படி மூளையைச் சீவிப் படமெடுத்தால், அசல் மனிதர் இறந்தேபோவார். இரண்டிலும் சாவை அஞ்சிய அந்த மனிதர் தப்பவில்லை.

அவ்வரலாற்றில் மூலனின் மனைவி, அவ்வுடலில் புகுந்த சிவயோகியாரைத் தன் கணவன் என்றே அணுகுகிறாள். அவர் மறுக்க, வழக்கு ஊர்ப் பெரியோரிடம் போகிறது. ஒருவர் இன்னார் என்பதை அவர் மனம் மட்டும் முடிவு செய்வதில்லை. உறவும் ஊரும் அதற்குச் சான்று நிற்க வேண்டியிருக்கிறது.

கையில் வாழும் அறிவு

மூளையைப் படியெடுத்தால் மனிதர் முழுவதும் வந்துவிடுவார் என்ற எண்ணத்தையும் தோட்டத்து உழைப்பு மறுக்கிறது. இருள் பிரியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டுத் தன் மரவரிசையான நிரைக்குப் போன பால்மரம் வெட்டுபவரின் கையைக் கவனிக்கலாம். பால் ஊறும் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கம். அதற்கும் உள்ளே, மெல்லிய வளர்படை. கத்தி சற்றே மேலாக ஓடினால் பால் குறையும். சற்றே ஆழ்ந்தால் வளர்படை காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அவ்விடத்தில் வெட்டவே முடியாது. அந்த மயிரிழை அளவை மணிக்கட்டு, தோள், காலூன்றிய சரிவு, பட்டையின் ஈரம் எல்லாம் சேர்ந்தே அறிகின்றன. எந்திர உடலுக்குள் வைக்கப்படும் மனம் இவற்றை இழந்த மனமாகவே இருக்கும்.

யாருடைய நிலம்?

தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு எல்லாமே கம்பெனி நிலத்தில் இருந்தன. வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் வீடும் போனது. 1957க்குப் பின் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் நிலமே கைமாறியது. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டு அளவுக்குக் காத்திருக்க நேர்ந்தது. இரத்தமும் வியர்வையும் சிந்திய மண்ணில் அவர்களுக்குப் பட்டா இல்லை என்பதே காரணம்.

பதிவேற்றப்பட்ட மனத்தின் நிலையும் இதுவே. அதற்குச் சேவையகம், மின்சாரம், பழுதுபார்ப்பு வேண்டும். அவை அனைத்தும் ஒரு நிறுவனத்தின் சொத்து. அந்நிறுவனம் விற்கப்பட்டால் மனமும் கைமாறும், நொடித்தால் அணைக்கப்படும். அதைவிடக் கொடியது, ஒருவரின் திறனைப் பல படிகளாக்கிக் கூலியின்றி வேலை வாங்கும் வாய்ப்பு. செலவு குறைந்து எல்லோருக்கும் இது கிட்டும் என்போர் உண்டு. இலவசமாகக் கிடைத்த லயத்து வீடு எவரையும் உரிமையாளர் ஆக்கவில்லை என்பதே அவர்களுக்கு விடை.

சட்டமும் துணை நிற்கவில்லை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024இல் வந்த திருத்தம், அச்சட்டம் காக்கும் தரவு உரியவர்களில் இறந்தோர் அடங்கார் என்று தெளிவுபடுத்தியது. அதன்படி, இறந்தவரின் குரலும் முகமும் எழுத்தும் சேர்த்து ஓர் உருவைச் செய்ய முனைவோரிடமிருந்து அவரைக் காக்க இச்சட்டம் வராது.

முடிவுரை

மரணமிலாப் பெருவாழ்வைப் போதித்த வள்ளலார் அதைச் சீவகாருண்யத்தோடு பிணைத்தார். 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்து பசித்தவர்க்குச் சோறிட்டார். நீடித்த வாழ்வை நாடும் எந்த முயற்சிக்கும் அந்த வரிசைமுறை பொருந்தும்: முதலில் நீதி, பின்பு நீட்சி. எனவே நான்கு உரிமைகள் சட்டமாக வேண்டும். உயிரோடிருக்கும்போது எழுத்துவழி தந்த சம்மதமின்றி எவரையும் படியெடுக்கக் கூடாது. அந்தப் படியின்மேல் உரிமை குடும்பத்துக்கு இருக்க வேண்டும், நிறுவனத்துக்கு அன்று. அதை வேலை வாங்கவோ விற்கவோ கூடாது. நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். இந்நான்கும் உறுதியாகும்வரை, சாகாவரம் தருவதாகச் சொல்லி வரும் எந்த ஒப்பந்தத்திலும் தோட்டத் தமிழர் பிள்ளைகள் கையெழுத்திடலாகாது.