மணலில் எழுதிய விரல்

காயல்பட்டினத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முத்தைப் பற்றி எழுதுவர். மார்க்கோ போலோவைப் பற்றி எழுதுவர். அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய துறையைப் பற்றி எழுதுவர். மணலைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும் இக்கரையின் வரலாற்றை ஆக்கியதும் அழித்ததும் மணலே. தாமிரபரணி சுமந்து வந்த வண்டலும் மணலும் முகத்துவாரத்தில் சேரச் சேரக் கடல் விலகிற்று. பாண்டியரின் கொற்கை கடலை இழந்தது. அதன் இடத்தைப் பெற்ற பழையகாயலும் பின்னர் அதே விதிக்கு ஆளாயிற்று. அந்த வரிசையின் கடைசிக் கண்ணிகளாகவே புன்னைக்காயலும் காயல்பட்டினமும் இன்று நிற்கின்றன. 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை வெளியிட்ட கால்டுவெல் இவ்வுண்மையை விரிவாக ஆராய்ந்தவர்.

இதனை ஏழு வயதுக் குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது? நான்கு வரிகளை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்விப்பது ஒரு வழி. மற்றொரு வழியும் உண்டு. ஒரு கண்ணாடிப் புட்டியில் ஆற்று நீரை நிரப்பி, கரையிலிருந்து அள்ளிய ஒரு பிடி மண்ணை அதிலிட்டு, குழந்தையையே குலுக்கச் செய்து, அசையாமல் வைத்துவிடவேண்டும். பருமணல் உடனே அடியில் படியும். நுண்மணல் அதன்மேல் அமரும். களிமண்ணோ நெடுநேரம் நீரைக் கலக்கிக்கொண்டே நிற்கும். ஓட்டம் நிற்குமிடத்தில் நீர் தன் சுமையை இறக்கி வைக்கிறது என்பதை அக்குழந்தை கண்டுகொள்ளும். கொற்கையில் ஏன் இப்போது கப்பல் இல்லை என்று நாம் கேட்டால், அது புட்டியின் அடிப்பகுதியைச் சுட்டிக்காட்டும்.

கையால் செய்து, கண்ணால் கண்டு கற்கும் இவ்வழியைப் புதியது என்றும், மேல்நாட்டது என்றும், வசதி படைத்தோர்க்கு உரியது என்றும் நம்மில் பலர் எண்ணுகின்றனர். இம்மூன்று எண்ணங்களும் பிழையானவை என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

செவியும் விரலும்

1542ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இன்று காயல்பட்டினத்தின் எல்லைக்குள் அடங்கியிருக்கும் கொம்புத்துறை, அவர் வரலாற்றோடு சேர்த்துப் பேசப்படும் ஊர்களில் ஒன்று. தெருத்தெருவாக மணியடித்துச் சென்று சிறுவரைக் கூட்டினார். தமிழில் செபங்களைச் சொல்லிக் கொடுத்தார். கற்ற சிறுவரையே வீடுகளுக்கு அனுப்பிப் பெற்றோர்க்குக் கற்பிக்கச் செய்தார். அச்சிட்ட நூல் இல்லாத காலத்தில், மொழி பழகாத ஒருவர், செவிவழிக் கல்வியைத் தவிர வேறெதனை நம்பியிருக்க முடியும்? அக்கல்வியின் பயனே இன்றும் இக்கரையில் நிலைத்திருக்கும் விசுவாசம்.

ஆனால் செபத்திற்குப் பொருந்திய வழி எல்லாவற்றிற்கும் பொருந்தும் என்று பின்வந்தோர் கொண்டதுதான் இடர். நீரின் இயல்புகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவனை நாம் மெச்சுகிறோம். அவன் வீட்டு வாசலில் கிடக்கும் கட்டுமரம் ஏன் மிதக்கிறது என்று அவனை நாம் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் மனப்பாடமே மிகுதி. அங்கு எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடமிருந்ததில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. எனினும் அங்கே ஓர் அரிய வழக்கம் இருந்தது. தரையில் மணலைப் பரப்பி, குழந்தை தன் விரலால் எழுத்தைக் கீறிப் பழகிற்று. எழுத்தின் வளைவைக் கண் அறியுமுன் விரல் அறிந்தது. தவறினால் தடவி அழித்து மீண்டும் எழுதலாம். ஓலையும் வீணாகாது, குழந்தைக்கு அச்சமும் இராது.

சென்னையில் ஓர் ஆய்வு

இந்த மணலெழுத்தைக் கண்டு வியந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தில் 1753இல் பிறந்து 1787இல் சென்னைக்கு வந்த ஆங்கிலிக்கன் குரு அவர். 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர்; அவர்களுள் பெரும்பாலோரின் தாய்மார் இந்நாட்டவர். ஒருநாள் குதிரையில் சென்றுகொண்டிருந்தபோது, தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைப் பெல் கண்டார். தம் இல்லத்தின் கீழ்வகுப்பிலும் அவ்வாறே செய்யும்படி அங்கிருந்த உதவி ஆசிரியரிடம் கூறினார். அது நடவாது என்றார் அவர். பெல் அப்பணியை ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். வளர்ந்தவர் இயலாது என்று விட்டதைச் சிறுவன் செய்து காட்டினான்.

பெல் இயற்கை அறிவியலில் ஆர்வம் மிக்கவர். கருவிகளைக் கொண்டு சொற்பொழிவுகளும் நிகழ்த்தியவர். அக்கருவிகள் சிறுவர் கைக்கும் எட்டின. அவருடைய மாணவருள் வில்லியம் ஸ்மித் என்னும் பதினேழு வயது இளைஞன், பிணையாக இருந்த திப்பு சுல்தானின் புதல்வர்கள் 1794இல் திருப்பி அனுப்பப்பட்டபோது உடன் சென்ற தூதுக்குழுவில் சேர்க்கப்பட்டான். சுல்தானின் முன்னிலையில் அறிவியல் சோதனைகளைச் செய்து காட்டினான். மணலில் விரலால் எழுதத் தொடங்கும் பள்ளி ஒன்று, அரசவையில் சோதனை நிகழ்த்தும் மாணவனையும் உருவாக்கியது. அதுவும் பெற்றோரின் அரவணைப்பு இல்லாத பிள்ளைகளைக் கொண்டு!

1796இல் பெல் நாடு திரும்பினார். மறு ஆண்டே தம் ஆய்வை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால் பரவியது எது? மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்தால் ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரைச் செலவின்றி நடத்தலாம் என்ற சிக்கனமே முதன்மை பெற்றது. மணல் எழுத்துப் பயிற்சியோடு நின்றுபோயிற்று. சோதனைக் கருவிகளோ பேச்சளவிலும் இல்லை. விரலின் வழியாக அறிவு பிறக்கிறது என்ற உண்மையை உலகம் எடுத்துக்கொள்ளவில்லை. கல்வி வரலாற்றில் இது அடிக்கடி நிகழும் விபத்து: விதையை விட்டுவிட்டு, அதைப் பொதிந்து வந்த தாளைப் பத்திரப்படுத்துகிறோம்.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் அதே சென்னைக்கு இன்னொருவர் வந்தார். இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கரும் மருத்துவருமான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தவர். நீரைச் சிந்தாமல் ஊற்றுவது, உருளைகளை உரிய குழிகளில் பொருத்துவது, கனசதுரங்களை அளவு வாரியாக அடுக்குவது ஆகியவையே அங்கே பாடங்கள். எழுத்தைக் கற்பிக்க அவர் வெட்டி ஒட்டியவை மணல்தாள் எழுத்துகள்! குழந்தை விரலால் தடவித் தடவி உணர்ந்து, நான்கு ஐந்து வயதிலேயே எழுதத் தொடங்கியது. அம்மையார் நம் திண்ணையைக் கண்டவரல்லர். இரு நாட்டவரும் தனித்தனியே ஒரே உண்மையை எட்டினர் என்பதே இதில் வியப்பு.

பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று 1939இல் அம்மையார் அடையாற்றுக்கு வந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே, அம்மையார் பகைநாட்டவராகக் கருதப்பட்டார். மகன் மாரியோ சிறைமுகாமில் வைக்கப்பட்டு, அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கொடைக்கானலில் தங்கியிருந்த ஆண்டுகளில், செடி கொடிகளையும் உயிரினங்களையும் குழந்தைகளோடு சேர்ந்து நோக்கி, ஒவ்வொரு படைப்பும் மற்றொன்றுக்குத் துணைநிற்கும் ஒழுங்கைக் கற்பிக்கும் 'அண்டக் கல்வி'யை அவர் வளர்த்தெடுத்தார். படைப்பின் மாட்சியைத் தியானிக்கும் நமக்கு அக்கருத்து அந்நியமானதன்று. 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் பார்சலோனாவில், திருப்பலிக்குரிய கோதுமையையும் திராட்சையையும் குழந்தைகளே பயிரிட்டு வளர்க்கும் வழியையும் அவரது முறை கண்டிருந்தது. முளைவிடுவதைக் கண்ட குழந்தை, பீடத்தில் வைக்கப்படும் அப்பத்தை வேறு கண்ணால் பார்க்கும் அன்றோ!

ஆனால் இங்கும் அதே விபத்து நேர்ந்தது. சேரிக் குழந்தைகளுக்காகப் பிறந்த முறையின் பெயர், நம் நகரங்களில் பெருங்கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் ஏறிற்று. கடற்கரைக் குடிசையை அது எட்டவில்லை.

அரசுப் பள்ளிகள் இக்குறையைக் களைய முயன்றதை நன்றியோடு குறிப்பிடவேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007ஐ ஒட்டி மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்து அட்டைகளைக் கொண்டு பயின்றனர். கரும்பலகை அவர்கள் உயரத்திற்கு இறங்கி வந்தது. 2022இல் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்காக, சோதனைகளைச் செய்து பார்க்கும் 'வானவில் மன்றம்' தொடங்கப்பெற்றது. ஆயினும் அட்டையும் கருவியும் தாமாக எதையும் கற்பிப்பதில்லை. குழந்தையின் கையை உற்றுநோக்கி, அது தடுமாறும்போது பொறுத்திருக்கும் ஒருவர் அருகே இல்லையெனில், எந்தத் திட்டமும் பழைய மனப்பாடத்தின் புதிய உடையாகவே முடியும்.

கரையே ஆய்வுக்கூடம்

இப்போது நம் கரைக்குத் திரும்புவோம். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் பெரும் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கிய குளியாள், மிதப்பு விசையை ஏட்டில் படித்தவரல்லர். ஆனால் எத்தனை எடையுள்ள கல் தம்மை எவ்வளவு விரைவாக இறக்கும் என்பதை உடலால் அறிந்திருந்தார். கரையிலுள்ள கோவில் கோபுரத்தையும் அதன் பின்னே நிற்கும் பனையையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, பக்கத்தில் வேறிரண்டு குறிகளையும் அவ்வாறே நிறுத்தி, கடலில் மீன் கிடைக்கும் இடத்தைக் குறிக்கும் மீனவர் வடிவக்கணிதம் செய்கிறார். உப்பளத் தொழிலாளி ஆவியாதலின் படிகளை அறிவார். நீவாட்டின் போக்கையும் காற்றின் பெயர்களையும் வைத்துப் பருவத்தைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். 1973இல் இதே தூத்துக்குடியில்தான் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியினுள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினர். கடலோடியின் அறிவும் அறிவியலாரின் அறிவும் ஒரே கரையில் வாழ்கின்றன. இரண்டுக்குமிடையே பாலமாக நிற்கவேண்டிய பள்ளிதான், தந்தையின் அறிவு அறிவே அன்று என்று மகனுக்கு மறைமுகமாகக் கற்பித்து வருகிறது. இழப்பு மதிப்பெண்ணில் அன்று. தன் வீட்டாரை மதிக்கும் திறனில்.

புலன்களின் வழியாகவன்றி அறிவுக்குள் எதுவும் நுழைவதில்லை என்பது, குருமடத்தில் நாம் பயின்ற புனித தோமா அக்குவினாரின் மெய்யியல் அடிப்படை. நம் நாட்டுக்கு நற்செய்தி கொணர்ந்த திருத்தூதர் தோமாவோ தொட்டுப் பார்க்க விரும்பியவர். ஆண்டவர் அவர் கையைத் தட்டிவிடவில்லை; அருகே அழைத்தார். தச்சுப் பட்டறையில் கை பழகியவர் அல்லவா அவர்! தரையில் விரலால் எழுதியவரும் அவரே என்று யோவான் நற்செய்தி காட்டுகிறது.

ஆகவே கடற்கரைப் பங்குகள் ஒவ்வொன்றும் சனிக்கிழமை மாலை ஓர் அறையையேனும் சிறுவர்க்காகத் திறந்துவைக்கலாம். ஒரு வாளி நீர், சில புட்டிகள், ஒரு தராசு, பழைய வலைத்துண்டு, கைப்பிடி உப்பு. இவற்றிற்கு மேல் செலவில்லை. ஆசிரியர்களாக ஓய்ந்திருக்கும் கடலோடிகளையும், வலை பின்னும் தாய்மாரையும், படகு கட்டும் தச்சரையும் அழைக்கலாம். கொம்புத்துறைப் பிள்ளைகளோடு காயல்பட்டினத்து இசுலாமியப் பிள்ளைகளும் வந்தமரட்டும். நீர் எல்லார்க்கும் ஒரே விதியில்தான் மிதப்பைத் தருகிறது. விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லாதிருந்தால் போதும்.

மணல் இக்கரையில் இரண்டு துறைமுகங்களை மூடியது. நம் பிள்ளைகளுக்கு அதே மணல் ஒரு வாயிலைத் திறக்கக் காத்திருக்கிறது. அவர்கள் கையை அதில் வைக்க விடுவோம்.